மூன்று நோட்டு, ஒரே புத்தகம்: பழையபேட்டை பைண்டிங் கடை

கிருஷ்ணகிரியில் சீசன் என்றால் மாங்காய் சீசன்தான். நான் வேலை பார்ப்பதும் மாங்கூழ் ஆலையின் லேபில். அதனால், பழையபேட்டையில் உள்ள பைண்டிங் கடையில் மூன்று பழைய நோட்டுகளை வைத்து, “பாய், சீசன் வாரியா எழுதி வச்சிருக்கேன், வரிசை மாறாம ஒரே புத்தகமா வேணும்” என்று சொன்னதும், “லோடு கணக்காம்மா?” என்று கேட்டார் கடைக்காரர்.

லோடு கணக்கு இல்லை. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து அணியின் கணக்கு. 1967-68 முதல் 2024-25 வரை 58 சீசன்கள். எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, யார் பயிற்சியாளர், எந்தச் சுற்றில் வெளியேறினார்கள், எப்படி வெளியேறினார்கள். ஒரு சீசனுக்குக் குறைந்தது ஒரு தாள். சிலவற்றுக்கு நான்கு, ஐந்து தாள்கள். 26 வருடமாக எழுதி வருகிறேன்.

கடையைப் பற்றிச் சொல்வதற்கு முன் நோட்டுகளின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வேலையின் அளவு புரியும். முதல் நோட்டு 1999-ல் நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய லாங் சைஸ் கோடு போட்டது. 1998-99 முதல் 2006-07 வரை அதில் இருக்கிறது. பின் துருப்பிடித்து, நடுத்தாள்கள் தனியாகக் கழன்றுவிட்டன. இரண்டாவது நோட்டு அங்கிருந்து 2024-25 வரை. அதற்கு அட்டையே இல்லை. மூன்றாவதுதான் சிக்கல். அது சின்ன சைஸ். அணியின் பழைய வரலாறு தெரியவேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, 1967-ல் தொடங்கி 1997-98 வரை பார்த்துப் பார்த்து எழுதியது. கடைசியாக எழுதப்பட்டது, ஆனால் காலத்தில் முதலாவது. இதன் ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது.

முதலில் ரவுண்டானா பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஸ்பைரல் போட்டுத் தருகிறோம், அரை மணி நேரம் போதும் என்றார்கள். ஓட்டை போடும் இடத்தில் எழுத்து இருக்கிறதே என்று காட்டினேன். ஒன்றிரண்டு எழுத்து போகும், படிக்கலாம் என்றார்கள். நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பழையபேட்டைக் கடை ஒரு ஷட்டர் அகலம்தான். உள்ளே ஒரு கட்டிங் மெஷின், ஒரு கை பிரஸ், தைப்பதற்கு மரச்சட்டம். சுவர் ஓரமாகப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளும் கோயில் கணக்குப் பேரேடுகளும் அடுக்கியிருக்கும். பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: விலை சொல்வதற்கு முன் மூன்று நோட்டுகளையும் தாள் தாளாகப் புரட்டினார். கால் மணி நேரம். பிறகு, “எழுதின வரிசையா, வருஷ வரிசையாம்மா?” என்று கேட்டார்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. எழுதின வரிசை என்றால் 1999-ல் கோப்பையோடு புத்தகம் தொடங்கும். வருட வரிசை என்றால், சான் அன்டோனியோ என்ற பெயரே இல்லாத ஒரு அணியில் தொடங்கும். 1967-ல் அவர்கள் டல்லாஸ் சப்பரல்ஸ். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக வந்த ஏ.பி.ஏ. லீகில், சிவப்பு வெள்ளை நீலப் பந்தோடு ஆடியவர்கள். கூட்டம் சேரவில்லை என்று 1970-71-ல் மட்டும் டெக்சஸ் சப்பரல்ஸ் என்று பெயர் மாற்றி ஊர் ஊராகப் போய் ஆடிப் பார்த்தார்கள். மறுபடி டல்லாஸ். 1973-ல்தான் சான் அன்டோனியோவுக்குக் குடிபெயர்ந்து ஸ்பர்ஸ் ஆனார்கள். 1976-ல் ஏ.பி.ஏ. மூடப்பட்டபோது என்.பி.ஏ. சேர்த்துக்கொண்ட நான்கு அணிகளில் ஒன்று இது.

வருட வரிசையே இருக்கட்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் சின்ன சைஸ் தாள்கள் முன்னால் வரும், பெரிய தாள்களோடு ஒட்டாது, எல்லாவற்றையும் சின்ன சைஸுக்கு வெட்டினால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். முடியாது என்றேன். பெரிய நோட்டில் நான் விளிம்பு வரை எழுதுவேன். சரி என்று, சின்னத் தாள் ஒவ்வொன்றின் உள் ஓரத்திலும் கெட்டிக் காகிதப் பட்டி ஒட்டி, அந்தப் பட்டியில் தையல் போட்டிருக்கிறார். அதனால் தாள் முழுதாக விரிகிறது, ஓர எழுத்து முதுகுக்குள் போய் மறையவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களுக்கு இப்படிக் கையால் பட்டி ஒட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

அந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த தாள் 1977-78. அந்த சீசனின் கடைசி நாள், 1978 ஏப்ரல் 9. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்ற போட்டியில் ஸ்பர்ஸின் ஜார்ஜ் கெர்வினும் டென்வரின் டேவிட் தாம்சனும் கிட்டத்தட்டச் சமமாக நின்றார்கள். மதியம் ஆடிய தாம்சன் 73 புள்ளி எடுத்துவிட்டார். அன்று இரவு கெர்வினுக்கு 58 தேவை. பாதி ஆட்டத்திலேயே 53 எடுத்தார், அதில் 33 இரண்டாம் கால் பகுதியில் மட்டும். முடிவில் 63. பட்டம் கெர்வினுக்கு. ஆட்டத்தில் ஸ்பர்ஸ் தோற்றது என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறேன். பூச்சி அரித்த ஓட்டை சரியாக 63-க்குப் பக்கத்தில் இருந்தது. பாய் அதன் பின்புறம் மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்டி நிறுத்தியிருக்கிறார். எண் அப்படியே இருக்கிறது.

பசை விஷயத்தையும் சொல்லவேண்டும். ஃபெவிகால் இல்லை, மைதா காய்ச்சிய பசை. அதில் மயில்துத்தம் கலக்கிறார், பூச்சி வராது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னார். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு வாரம் வரை அந்த வாசனை இருந்தது, அப்புறம் போய்விட்டது.

இனி அணிக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்பவர்களுக்கு. எங்கள் பள்ளியில் மண் தரையில் ஒரு கூடைப்பந்துக் களம் இருந்தது. நான் உயரம் கிடையாது. எங்கள் பி.டி. மிஸ் வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் ஒரு சதுரத்தைக் காட்டி, நேராக வளையத்துக்கு எறியாதே, அந்தச் சதுரத்தின் மூலையில் அடி, பந்து தானாக உள்ளே விழும் என்று சொல்லிக் கொடுத்தார். அமெரிக்காவில் டிம் டங்கன் என்று ஒருவர் அப்படித்தான் ஆடுகிறார், குதிக்கமாட்டார், கத்தமாட்டார், பலகையில் அடிப்பார், உள்ளே விழும் என்றார். அதே வாரம் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்க மூலையில் ஸ்பர்ஸ் கோப்பை வென்ற செய்தி நான்கு வரியில் வந்தது. அந்த நான்கு வரியைத்தான் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

அது 1998-99, வித்தியாசமான சீசன். உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு வந்து 82 ஆட்டங்கள் 50 ஆகக் குறைந்தன. ஸ்பர்ஸ் 6 வெற்றி 8 தோல்வி என்று தடுமாறித் தொடங்கி, 37-13 என்று முடித்தது. கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளான பிளே ஆஃபில் 17 ஆட்டங்களில் 15 வெற்றி. மே 31 அன்று போர்ட்லண்டுக்கு எதிராக, ஷான் எலியட் கோட்டுக்கு வெளியே விழப்போகும் நிலையில் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்றபடி எறிந்த மூன்று புள்ளியில் 86-85. அவருக்குச் சிறுநீரக நோய் இருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. அண்ணன் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். 2000 மார்ச்சில் எலியட் மறுபடி களத்துக்கு வந்தார். இதை எழுதிய தாளில் அந்த வயதுக்கே உரிய கையெழுத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறேன். பாய் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளுக்குப் போனார்.

இந்த நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்த லேபிளில் என் பெயருக்குக் கீழே ‘கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்’ என்று இருந்தது. 2004 பிப்ரவரியில்தானே நமக்குத் தனி மாவட்டம் வந்தது. அட்டை போய்விடும், லேபிளும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். கேட்காமலே அதை நனைத்துப் பிரித்து எடுத்து, புதிய அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டித் தந்திருக்கிறார். இதற்காகவே இந்தக் கடையை யாருக்கும் சொல்வேன்.

தோற்ற சீசன்களின் தாள்களை எல்லாம் நடுவில் வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை எனக்கே இருந்தது. அவர்தான் வருட வரிசை என்றால் வருட வரிசைதான் என்று உறுதியாக நின்றார். அது எவ்வளவு சரி என்று இப்போது புத்தகத்தைப் புரட்டும்போது தெரிகிறது. 1988-89-ல் 21 வெற்றி, 61 தோல்வி. 1987-லேயே புதியவர்களுக்கான தேர்வில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த டேவிட் ராபின்சன் கடற்படைப் பணி முடித்து வரவேண்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தார்கள். தாளைத் திருப்பினால் 1989-90: 56 வெற்றி. அப்புறம் 1996-97. ராபின்சனுக்கு முதுகில் காயம், அதன்பின் பாதத்தில். 6 ஆட்டம்தான் ஆடினார். 3-15 என்று இருந்தபோது பயிற்சியாளரை நீக்கிவிட்டு, மேலாளராக இருந்த கிரெக் பாப்பவிச் தானே பொறுப்பேற்றார். முடிவு 20-62. அந்தத் தோல்விதான், புதிய ஆட்டக்காரர்களை முதலில் எடுப்பது யார் என்று தோற்ற அணிகளுக்குள் நடக்கும் குலுக்கலில் முதல் இடத்தைக் கொண்டுவந்தது, முதல் இடம் டங்கனைக் கொண்டுவந்தது. அடுத்த தாள், மறுபடி 56 வெற்றி. இந்த இரண்டு தாள்களும் எதிரெதிராக விரிய வேண்டும். சின்ன நோட்டின் கடைசிப் பக்கங்கள் இவை. விரிகின்றன, பட்டி ஒட்டிய புண்ணியம்.

இப்போது குறை. இரண்டு இருக்கிறது.

ஒன்று, ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் ஆக்கிவிட்டார். ஜூனில் பள்ளி திறக்கும் நேரம், பதிவேடு வேலை குவியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதல் நாளே மூன்று வாரம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஆலையில் பெங்களூரா மாங்காய் லோடு வரிசைகட்டி நிற்கும் நேரம் அது. ஷிப்ட் முடிந்து மூன்று முறை வந்து திரும்பினேன்.

இரண்டாவது குறைதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. பெரிய தாள்களின் முன் ஓரத்தை நேராக்க மெஷினில் கொஞ்சம் சீவியிருக்கிறார். ஒரு நூலளவு என்றார், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அதில் 2012-13 தாளின் ஓரக் குறிப்பு போய்விட்டது.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். 2013 ஜூன், இறுதிச்சுற்று ஆறாவது ஆட்டம், மயாமியில். ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை, இன்னொன்று வென்றால் கோப்பை. ஆட்டம் முடிய 28 வினாடி இருக்கும்போது 5 புள்ளி அதிகம். கோப்பையைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டக்கூடத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அது காலை நேரம். லேபில் கூழின் பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, பார்த்துக்கொண்டே, பக்கத்தில் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். மயாமி எறிந்த பந்து தவறி, அதை மயாமியே எடுத்து, மூலைக்குப் பின்னோக்கி ஓடிய ரே ஆலனிடம் கொடுக்க, 5.2 வினாடி இருக்கும்போது அவருடைய மூன்று புள்ளி உள்ளே விழுந்து சமன். கூடுதல் நேரத்தில் 103-100 என்று தோல்வி, ஏழாவது ஆட்டமும் தோல்வி. அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்தத் தாளில் வேறு எதுவும் எழுத முடியாமல், இடது ஓரத்தில் ‘5.2 வினாடி’ என்று மட்டும் எழுதினேன். மற்றதெல்லாம் ஒரு மாதம் கழித்து எழுதியது. இப்போது அந்த 5 இல்லை. ‘.2 வினாடி’ என்று நிற்கிறது.

பாயிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “எண்ணுன்னு தெரிஞ்சிருந்தா அந்தத் தாளை மடிச்சு விட்டு வெட்டியிருப்பேன்மா, தப்புதான்” என்றார். சாக்குச் சொல்லவில்லை. இருபத்தைந்து ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். நீங்கள் கொடுக்கும்போது ஓரத்தில் எழுத்துள்ள தாள்களில் துண்டுச் சீட்டு வைத்துக் கொடுங்கள். அவர் மதிப்பார்.

அதற்கு அடுத்த தாள்கள் பாதிக்கப்படவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல். 2013-14-ல் அதே அணி, கிட்டத்தட்ட அதே ஆட்கள், 62-20 என்று வந்து அதே மயாமியை 4-1 என்று வென்றார்கள். டங்கனுக்கு 38 வயது, இன்னொரு மூத்த ஆட்டக்காரர் ஜினோபிலிக்கு 36. இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் 22 வயது காவாய் லெனர்ட். இந்த ஒரு சீசனுக்கு ஐந்து தாள் எழுதியிருக்கிறேன், பந்து கையிலிருந்து கைக்கு எப்படிப் போனது என்று படம் போட்டு. 2003, 2005, 2007 கோப்பைகளுக்கெல்லாம் சேர்த்து ஆறு தாள்தான். 2003-ன் கடைசி ஆட்டத்தில் டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்டு, 10 பாஸ், 8 தடுப்பு எடுத்ததைக்கூட ஒரே பத்தியில் முடித்திருக்கிறேன். 2007 தாளில் மாங்கூழ் கறை. அதைச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டார், இருக்கட்டும் என்றேன்.

2017-18 தாள் வேறு மாதிரி. காயம் என்று லெனர்ட் 9 ஆட்டம்தான் ஆடினார், பிறகு டொரன்டோவுக்குப் போய்விட்டார். கோபத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்து, மறுநாள் எடுத்து நீவி வைத்தேன். பாய் அதை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் பிரஸ்ஸில் இரவு முழுவதும் வைத்திருக்கிறார். சுருக்கத்தின் கோடுகள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும். ஒரு சீசன் தள்ளி 2019-20, 32-39. தொடர்ந்து 22 வருடம் பிளே ஆஃபுக்குப் போன அணி முதல்முறையாக வெளியே நின்றது. 2022-23-ல் 22-60, 2023-24-லும் 22-60. புதிய நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமா வந்த பிறகும் அதே எண். ஆனால் இரண்டு தாள்களின் எழுத்தும் ஒரே மாதிரி இல்லை, படித்தால் தெரியும்.

புத்தகத்தின் முதுகை உருட்டுவதை நேரில் பார்த்தேன். தைத்த கட்டைப் பலகையில் வைத்து, சுத்தியால் மெதுவாக, ஒரே இடத்தில் அடிக்காமல் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தட்டிக்கொண்டே இருந்தார். என் அப்பா பர்கூர் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். ஸ்பர்ஸ் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் ஒரு கல் உடைப்பவரைப் பற்றிய வாசகம் மாட்டியிருக்கும்: நூறு அடிக்கு அசையாத கல் நூற்றியோராவது அடியில் பிளந்தால், அதைப் பிளந்தது கடைசி அடி மட்டும் அல்ல என்பது அதன் கருத்து. பாப்பவிச் மாட்டியது. அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். “கல்லுக்கு வாட்டம் பாத்து அடிக்கணும், அத எழுதலயா?” என்று கேட்டார். அந்த பதிலையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பாய் வாட்டம் பார்த்துத்தான் அடிக்கிறார்.

காலிக்கோ துணி அட்டை, கருப்பு. ஸ்பர்ஸின் நிறம் கருப்பும் வெள்ளியும் என்பதால் எழுத்து வெள்ளியில் கேட்டேன். அவரிடம் தங்க ஃபாயில் மட்டும்தான் இருந்தது. தமிழ் அச்செழுத்து தேய்ந்துவிட்டது, சரியாகப் பதியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனவே எண் மட்டும் போட்டோம். முதுகில் ‘1967 –’ என்று இருக்கிறது. கோட்டுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. பின்னால் பதினாறு வெற்றுத் தாள்கள் சேர்த்துத் தைக்கச் சொன்னேன். 2025 மே மாதம் பாப்பவிச் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார், 29 சீசன்கள். அதை எழுதிய தாள்தான் எழுத்துள்ள கடைசித் தாள்.

மொத்தம் 650 ரூபாய் ஆனது. கணக்குப் பேரேடு, பழைய சமையல் குறிப்பு நோட்டு, பாட்டு நோட்டு, எதுவானாலும் கையெழுத்தில் இருப்பதைக் கொடுப்பதற்கு நம் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் இதுதான். அச்சுப் புத்தகம் என்றால் வேறு கடையே போதும், இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ஜூன், ஜூலையில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள். ஜிபே இல்லை, பணமாக எடுத்துப் போகவும்.